ஒப்பமும் ஒப்புதலும்

இறக்காமம் குளத்தையும் வயலையும் நம்பி வாழ்கின்ற ஊர். அக்கரைப்பற்றுக்கு மேற்கே, அம்பாறையை நோக்கிய திசையில், கரையோர முஸ்லிம் ஊர்களைப் போலக் கடலை அண்டாது, நெல்லோடு தன் ஆண்டுக் கணக்கை வைத்துக்கொண்ட ஊர். ஆயினும் இன்று அவ்வூர் வீடுகள் பலவற்றிலே நெல் மூட்டைக்கு அடுத்தபடியாகப் பத்திரமாய்ப் பேணப்படுவது ஒரு கடதாசிக் கோப்பாகும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டையின் பிரதி, கடவுச்சீட்டு, விவாகப் பதிவின் பிரதி, கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் ஆகியன அதனுள் இருக்கும். வளைகுடா நாட்டுக்கு வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்ணும், கட்டாரிலே சாரதி வேலை தேடும் இளைஞனும், உம்றாவுக்குப் போக விரும்பும் முதியவரும் அந்தக் கோப்பைக் கையில் ஏந்தியே கணினிக் கடைக்குச் செல்கின்றனர்.

அங்கு நிகழ்வது இதுதான். விசா விண்ணப்பத்தைக் கடைக்காரர் கணினித் திரையில் திறக்கிறார். அது ஆங்கிலத்தில் இருக்கும்; சிலவேளை அறபியில் இருக்கும்; தமிழில் இருப்பது மிக அரிது. அவர் கேட்கிறார், விண்ணப்பதாரர் விடை சொல்கிறார், அவர் தட்டச்சு செய்கிறார். பின்னர் ஒரு தாளை அச்சிட்டு நீட்டுகிறார். கட்டமிட்ட இடத்துக்குள், கோட்டிலே தொடாமல், ஒப்பமிட வேண்டும். அந்தத் தாள் ஸ்கான் செய்யப்பட்டு, இத்தனை அளவுக்குமேல் கனக்கக்கூடாது என்ற விதிக்கேற்பச் சுருக்கப்பட்டு, பதிவேற்றப்படுகின்றது. கடைசியில் ஒரு சிறு சதுரம் தோன்றும். மேலே உள்ள யாவற்றையும் வாசித்து விளங்கிக்கொண்டேன், அவை உண்மை, பொய்யெனக் காணப்பட்டால் அதன் விளைவுக்கு நானே பொறுப்பு என்பது அதன் பக்கத்திலுள்ள வாசகத்தின் சாரம். அந்தச் சதுரத்திலே அடையாளமிடுபவர் கடைக்காரர். பொறுப்பை ஏற்பவரோ, அவ்வாசகத்தில் ஓர் எழுத்தையும் வாசித்தறியாத மனிதர்.

கடைக்காரரைக் குறைகூற நாம் இதை எழுதவில்லை. அவர் சிறு கூலிக்குப் பெரிய உதவி செய்பவர். அவர் இல்லாவிடில் ஊரின் பாதி விண்ணப்பங்கள் முடங்கிப்போகும். நம்முடைய வினா வேறு. ஒருவர் தாம் அறியாத ஒன்றுக்கு ஒப்பமிடுவதும், அவ்வொப்பம் அவரையே கட்டுவதும் எவ்வாறு இத்துணை இயல்பான காரியமாயின? கணினியோடு வந்த புதுமை இதுவன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரம் இதற்கு உண்டு. அந்தச் சரித்திரத்தில் தமிழ் பேசும் உழைப்பாளிகளுக்கும் முஸ்லிம்களுக்கும் பெரிய இடம் உண்டு.

1858 ஆம் ஆண்டில், வங்காளத்திலே ஜங்கிப்பூர் என்னும் ஊரில் அதிகாரியாயிருந்த வில்லியம் ஹேர்ஷல் என்ற ஆங்கிலேயர், வீதிக்குக் கல் வழங்கும் ஒப்பந்தக்காரர் ஒருவருடைய உள்ளங்கையில் மை பூசி ஒப்பந்தத்தின் பின்புறத்திலே பதிப்பித்தார். அந்த ஒப்பந்தக்காரர் ராஜ்யதர் கோனாய். சிப்பாய்க் கிளர்ச்சி நிகழ்ந்து ஓராண்டே கழிந்திருந்த காலம் அது. ஆள்பவனுக்கு ஆளப்படுபவனின் சொல்லில் நம்பிக்கை அற்றுப்போயிருந்தது. கோனாய் பின்னர் தம் ஒப்பத்தை மறுக்காதவாறு அச்சுறுத்துவதே தமது நோக்கமாயிருந்தது என ஹேர்ஷல் பிற்காலத்தில் தாமே எழுதிவைத்தார். விரலடையாள விஞ்ஞானம் தோன்றிய கதையைப் பெருமையோடு சொல்லும் நூல்கள் இந்த ஒரு வரியை விரைவாகக் கடந்துசெல்வதுண்டு. நாம் அவ்விடத்தில் சற்று நிற்கவேண்டும். ஒப்பம் என்பது ஒருவன் தன் விருப்பத்தால் தருவது. இங்கே உடலிலிருந்து எடுக்கப்பட்டது. ஒப்புதலின் சின்னமாக இருந்த ஒன்று மறுக்கவொண்ணாமையின் சின்னமாக மாறியது இவ்விடத்திலேதான்.

1877 இல் ஹூக்ளி மாவட்டத்திலே ஓய்வூதியம் பெறுவோரிடமும் பத்திரம் பதிவோரிடமும் ஹேர்ஷல் விரலடையாளம் பெறலானார். 1897 இல் கல்கத்தாவிலே விரலடையாளப் பணியகம் நிறுவப்பட்டது. இலட்சக்கணக்கான அடையாளங்களிலிருந்து ஒன்றைத் தேடியெடுக்கும் வகைப்பாட்டு முறையைக் கணித அறிவால் உருவாக்கியவர்களுள் முதன்மையானவர்கள் அஸீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு இந்திய உத்தியோகத்தர்கள். உலகம் அம்முறையை அறிவதோ அவர்களின் மேலதிகாரியான எட்வர்ட் ஹென்றியின் பெயரால். ஏகாதிபத்தியத்தின் பதிவேட்டிலே ஒப்பமிடும் உரிமை யாருக்கு இருந்தது என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

வங்காளத்தில் பிறந்த இம்முறை கப்பலேறிய இடங்களுள் தென்னாபிரிக்கா ஒன்று. 1906 இல் டிரான்ஸ்வால் அரசாங்கம் ஆசியர் யாவரும் பதிவுசெய்து விரலடையாளம் இட்டு, அத்தாட்சிப் பத்திரத்தை எந்நேரமும் கையில் வைத்திருக்கவேண்டும் என்று சட்டம் கொணர முற்பட்டது. அவ்வாண்டு செப்தெம்பர் 11 ஆம் நாள் ஜொஹானஸ்பேர்க் எம்பயர் அரங்கிலே கூடிய கூட்டத்தில், இச்சட்டத்துக்குப் பணிவதில்லை எனக் கடவுளின் பெயரால் சத்தியம் செய்யத் தூண்டியவர் ஹாஜி ஹபீப் என்ற முஸ்லிம் வணிகர். 1908 ஆகஸ்ட் 16 ஆம் நாள் அதே நகரத்தின் ஹமீதியாப் பள்ளிவாசல் முற்றத்திலே இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுப் பத்திரங்கள் தீக்கிரையாக்கப்பட்டன. அடையாளப் பத்திரத்தை எரிப்பது ஓர் அரசியற் செயலாக முடியும் என்பதை உலகம் அன்று கண்டது. அப்போராட்டத்தில் சிறை சென்றோருள் தமிழர் தொகை பெரிது. தம்பி நாயுடு அடுத்தடுத்துச் சிறை சென்றார்; இளம்பெண் வள்ளியம்மை சிறையிலே நோயுற்று, விடுதலையானதும் 1914 பெப்ரவரி 22 இல் உயிர்நீத்தார்.

இப்போராட்டத்தைப் போற்றும்போதே அதன் நடுவே ஓடிய வர்க்கக் கோட்டையும் காணாது விடலாகாது. 1908 ஜனவரியில் காந்தியடிகளுக்கும் அரசாங்கத்துக்கும் ஏற்பட்ட சமரசத்தின்படி, கல்வியும் சொத்தும் உடையோர் விரலடையாளத்துக்குப் பதிலாக ஒப்பமிடலாம்; ஏனையோர் விரலைப் பதிக்கவேண்டும். கடைமுதலாளிக்குப் பேனா, கூலிக்கு மை. காந்தியடிகள் தாமே முன்வந்து விரலடையாளம் இடச் சென்றார் என்பதும், செல்லும் வழியில் அதனைத் துரோகமெனக் கருதிய மீர் ஆலம் என்ற பட்டாணியரால் தாக்கப்பட்டார் என்பதும் பலர் அறிந்த செய்தி. ஆயினும் ஒப்பத்துக்கும் கைநாட்டுக்கும் இடையே அரசு வகுத்த பேதம் அதனால் அழியவில்லை.

இலங்கைக்கு வருவோம். மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் வாழ்வை நெடுங்காலம் ஆண்ட கடதாசிக்குத் ‘துண்டு’ என்று பெயர். இந்தத் தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைச் செலுத்துவோரிடம் இவரை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. தொழிலாளியைப் பற்றிய அச்சீட்டு தொழிலாளியின் கையில் இருப்பதில்லை. கங்காணியின் மடியில் இருக்கும். அதை வாசிக்கத் தொழிலாளிக்குத் தெரியாது; அதை வைத்தே அவர் விலைபேசப்பட்டார். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களின் கழுத்திலே தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகர வில்லை தொங்கவிடப்பட்டது. துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒருவரைப் பற்றிய பத்திரம் அவரிடமன்றி இடைத்தரகரிடம் இருக்கும் வழக்கம் அதனோடு ஒழிந்ததா என்பதைப் பின்னர் பார்ப்போம்.

சுதந்திரம் வந்தபின் கடதாசியின் அதிகாரம் குறையவில்லை, பெருகிற்று. 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், ஒருவர் இந்நாட்டில் பிறந்திருப்பதை மட்டும் போதுமானதாகக் கொள்ளவில்லை. தந்தையும் இங்கே பிறந்திருக்கவேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும் என்றது. 1948 இன் 20 ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் 1 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதுவரை இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஊருக்கு ஊர் போவதுபோலப் போய்வந்தவர்களுக்கு அன்றிலிருந்து கடவுச்சீட்டும் விசாவும் வேண்டியதாயின. 1949 இன் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமோ, பிரஜாவுரிமை கேட்போர் மணமானவராயின் 7 ஆண்டும், மணமாகாதவராயின் 10 ஆண்டும், 1946 ஜனவரி 1 ஆம் நாளுக்கு முன் இடையறாது இங்கு வாழ்ந்தமையைப் பத்திரத்தால் நிரூபிக்கவேண்டும் என்றது. விண்ணப்பத்தின் இறுதி நாள் 1951 ஆகஸ்ட் 5. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. அவர்களுள் பிரஜாவுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேரே. தேயிலைக் கொழுந்தை நிறுத்தும்போது பதிவேடு தவறாது எழுதிய தோட்டங்கள், கொழுந்து பறித்தவர் இடையறாது அங்கு வாழ்ந்தார் என்பதற்குத் தேவையான சான்றை எத்தனை பேருக்கு வழங்கின என்று கேட்பது தகும். 1964 அக்டோபர் 30 ஆம் நாள் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றவர்களென 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. அந்த ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டவர்கள் இரண்டு பிரதம மந்திரிகள். பங்கிடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை.

இது மலைநாட்டின் கதை, கிழக்குக் கரைக்கு இதில் என்ன உண்டு என்று சிலர் எண்ணக்கூடும். பிரஜாவுரிமைச் சட்டம் தந்தைவழியை மட்டுமே கணக்கிட்டது என்றோம். கிழக்குக் கரையின் தமிழரும் முஸ்லிம்களும் தம் ‘குடி’யைத் தாய்வழியே கணக்கிட்டு வந்தவர்கள். பிள்ளை தாயின் குடியைச் சேரும். வீடு மகளுக்குச் சீதனமாகும். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து வாழ்வார். பள்ளிவாசல் நிருவாகத்திலே குடிக்கொரு மரைக்காயர் அமர்வது பழைய வழக்கம். இக்கரையில் ஒருவர் யார் என்று ஊரார் கேட்டால் விடை தாயிலிருந்து தொடங்கும். அரசு கேட்டால் தந்தையிலிருந்து தொடங்கவேண்டும். தாய்வழியாகவும் பிரஜாவுரிமை செல்லும் என்று இந்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டது 2003 இல்தான்.

விசா விண்ணப்பத்திலே இந்த முரண் வேறோர் உருவில் வருகின்றது. ‘குடும்பப் பெயர்’ என்றொரு கட்டம் அங்கு உண்டு. அதனை வெறுமையாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகவிடாது. நம் மக்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயர் முதலெழுத்தாக நிற்கும். தம் பெயர் பின்னே வரும். ஆகவே ஒருமுறை தந்தையின் பெயரை அக்கட்டத்தில் இடுகிறார்கள். மறுமுறை தம் பெயரின் பிற்பாதியை இடுகிறார்கள். முகம்மது என்ற ஒரே பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் இன்னொருவிதமாகவும் கடவுச்சீட்டில் மூன்றாவதுவிதமாகவும் ஆங்கில எழுத்தைப் பெற்றிருக்கும். பெண்களின் பெயரிலே ‘உம்மா’ ஓரிடத்தில் சேர்ந்தும் ஓரிடத்தில் பிரிந்தும் நிற்கும். ஊரில் யாருக்கும் இதில் ஐயமில்லை. கணினிக்கு இவர்கள் மூன்று வெவ்வேறு மனிதர்கள். பெயர் வித்தியாசத்தைத் தெளிவாக்கச் சமாதான நீதவான் முன்னிலையிலே சத்தியக்கடதாசி முடித்து, அதனையும் ஸ்கான் செய்து பதிவேற்றவேண்டும். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் வந்து கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது ஊர்களின் வீடுகளையும் மூலப் பத்திரங்களையும் ஒருங்கே கொண்டுபோனதன் பின் இந்தச் சிக்கல் எவ்வளவு பெருகியிருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

வளைகுடாப் பயணத்தின் சரித்திரம் 1973 இன் எண்ணெய் விலையேற்றத்தோடும் 1977 இல் இலங்கையிலே திறந்துவிடப்பட்ட பொருளாதாரத்தோடும் தொடங்குகின்றது. 1985 இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சட்டத்தால் நிறுவப்பட்டது. கங்காணிக்குப் பதிலாக முகவரும், முகவருக்குக் கீழே ஊர்தோறும் உபமுகவரும் தோன்றினர். பெண்ணின் கடவுச்சீட்டும் ஒப்பமிட்ட தாள்களும் பல மாதங்கள் அவர்கள் கையில் இருக்கும்; போய்ச் சேர்ந்த நாட்டிலே கடவுச்சீட்டு எசமானின் அலமாரிக்குச் செல்லும். துண்டு ஒழிந்ததா என்று மேலே கேட்டோம். அதன் இடத்தில் எது அமர்ந்தது என்பதை இது காட்டும். இங்கே ஒப்பமிட்ட உடன்படிக்கையில் ஒரு சம்பளமும், அங்கே அறபியில் நீட்டப்படும் உடன்படிக்கையில் வேறொரு சம்பளமும் காணப்படுவது திரும்பி வந்தவர்கள் பலர் சொல்லும் அனுபவம். இரண்டிலும் இருப்பது அவர்களுடைய ஒப்பமே.

இந்த ஒப்பத்தின் விலையை நாம் மூதூரில் கண்டோம். றிஸானா நபீக் என்ற ஏழைச் சிறுமியின் பிறப்புப் பத்திரம் அவர் 1988 இல் பிறந்தவர் என்றது. கடவுச்சீட்டோ 1982 என்றது. வேலைக்கு அனுப்பும் வயதை எட்டச் செய்வதற்காகப் பத்திரத்தில் கூட்டப்பட்ட அந்த ஆறு ஆண்டுகளோடு அவர் 2005 மே மாதத்தில் சவூதி அரேபியாவுக்குச் சென்றார். சென்ற சில வாரங்களுக்குள் அவர் பராமரித்த கைக்குழந்தை இறந்தது. தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளர் இன்றி அவரிடம் வாக்குமூலம் பெறப்பட்டது. அதனை அவர் பின்னர் மறுத்தார். 2007 ஜூனில் மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9 ஆம் நாள் அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார். பிறப்புப் பத்திரத்தின்படி குழந்தை இறந்தபோது அவருக்கு வயது 17. அறியாத மொழியில் பதிவான ஒரு வாக்குமூலமும் பொய்யான தேதி பொறித்த ஒரு கடவுச்சீட்டும் அவர் பக்கத்துச் சான்றுகளையெல்லாம் விட வலிமை பெற்றன. பொய்த் தேதியை எழுதிய கை தண்டிக்கப்பட்டவரின் கை அன்று.

அவ்வாண்டிலேயே அரசாங்கம் ஒரு பரிகாரம் கண்டது. வீட்டுவேலைக்குச் செல்லும் பெண் தன் குடும்பப் பின்னணி அறிக்கையைச் சமர்ப்பிக்கவேண்டும், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் செல்லலாகாது, கணவனின் சம்மதம் வேண்டும், உத்தியோகத்தர்கள் ஒப்பமிடவேண்டும். முகவரின் மோசடியால் விளைந்த கேட்டுக்குப் பெண்ணின் மீது இன்னும் சில ஒப்பங்கள் சுமத்தப்பட்டன. உண்மையான அறிக்கை பெறமுடியாத வறிய பெண்கள் வருகையாளர் விசாவிலே சென்று சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே நின்று உழைக்க இவ்விதி வழிவகுத்தது. 2022 இல் இவ்விதிகள் தளர்த்தப்பட்டன. நாட்டில் டொலர் தட்டுப்பட்ட ஆண்டு அது என்பதையும் சேர்த்தே நினைவிற் கொள்ளவேண்டும்.

விண்ணப்பத்தைக் கையேற்கும் வேலை வணிக நிறுவனத்திடம் போவதும் புதிதன்று. 1886 இல் பம்பாயிலிருந்து ஹஜ்ஜுக்குச் செல்வோரின் பயண ஏற்பாட்டை இந்திய அரசாங்கம் தோமஸ் குக் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அந்த ஏற்பாடு 1893 இல் முடிவுற்றது. அதே பம்பாயிலே 2001 இல் வி.எஃப்.எஸ். என்ற நிறுவனம் விசா விண்ணப்பங்களை வாங்கி அடுக்கும் தொழிலைத் தொடங்கி, இன்று பல நாடுகளுக்கு அவ்வேலையைச் செய்கின்றது. இலங்கைக்கு வருவோருக்கான இணையவழிப் பயண அனுமதியை 2012 ஜனவரி முதல் நமது திணைக்களமே நடத்தி வந்தது. 2024 ஏப்ரலில் அது இந்நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு இயங்கிய தனியார் கூட்டொன்றிடம் கைமாறியது. ரவூப் ஹக்கீம், சுமந்திரன், சம்பிக்க ரணவக்க ஆகியோர் வழக்கிட்டனர். 2024 ஆகஸ்ட் 2 ஆம் நாள் உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்திற்று. கட்டளையை நிறைவேற்றாத குடிவரவுக் கட்டுப்பாட்டாளர் நாயகம் அவமதிப்புக்காகச் செப்தெம்பரில் விளக்கமறியலில் வைக்கப்பட்டார். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணியின் கட்டணமும் தரவும் சம்பந்தப்பட்டபோது நாடு விழித்தது நல்லதே. இறக்காமத்துப் பெண்ணின் கடவுச்சீட்டுப் படமும் ஒப்பத்தின் படமும் எத்தனை கணினிகளிலே அழியாமற் கிடக்கின்றன என்று கேட்பாரைத்தான் காணோம்.

படமாகிய ஒப்பத்தின் தன்மையை மாணவர்கள் விளங்கிக்கொள்வது அவசியம். 2006 இன் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இலத்திரனியல் ஒப்பத்துக்கு இந்நாட்டில் சட்டவலுத் தந்தது. மெய்யான இலக்கமுறை ஒப்பம் என்பது ஆவணத்தின் ஒவ்வோர் எழுத்தோடும் கணிதத்தால் பிணைக்கப்பட்டது. ஓர் எழுத்து மாறினாலும் அது செல்லாது போகும். கடையில் ஸ்கான் செய்யப்படுவது அவ்வகையன்று. அது மையின் நிழற்படம். ஒரு தாளிலிருந்து வெட்டி இன்னொரு தாளில் ஒட்டினாலும் அதே ஒப்பமாகவே தோன்றும். ஹேர்ஷலுக்கு மறுக்கமுடியாத அடையாளம் வேண்டியிருந்தது. இன்று கிடைத்திருப்பதோ, ஒப்பமிட்டவரால் மறுக்கவும் முடியாத, பிறரால் பயன்படுத்தாது தடுக்கவும் முடியாத அடையாளம். தனியாள் தரவைப் பாதுகாக்கும் சட்டம் 2022 இல் இயற்றப்பட்டும் அதன் முக்கிய பகுதிகள் குறித்த நாளில் நடைமுறைக்கு வராமல் ஒத்திவைக்கப்பட்டன.

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். 1987 இன் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அந்நிய நாட்டின் விண்ணப்பத்தைத் தமிழில் தா என்று நமது சட்டம் கட்டளையிட முடியாதுதான். ஆனால் இந்நாட்டிலே பதிவுபெறும் ஒவ்வொரு வேலை உடன்படிக்கையின் தமிழ்ப் பிரதியையும், ஒப்பமிடுமுன் வாசித்துக் காட்டும் உத்தியோகத்தரையும் பிரதேச செயலகந்தோறும் வைக்கப் பணியகத்தைத் தடுப்பது எது? ஒப்பமிடுபவர் கேட்டு விளங்கினார் என்பதற்கு அந்த உத்தியோகத்தரும் ஒப்பமிடட்டும். ஆசிரியர்கள் இதற்காகக் காத்திராமல் உயர்தர வகுப்பு மாணவர்களைக் கொண்டு ஊர் நூலகத்திலே வாரம் ஒரு மாலை விண்ணப்பங்களை வாசித்துக் காட்டத் தொடங்கலாம். கைநாட்டு ஒழிப்புக்காக முன்னர் இராப் பாடசாலைகள் நடத்திய மரபு நம் ஆசிரியர்களுக்கு உண்டு.

இன்னும் ஒரு பத்திரம் மிஞ்சியிருக்கின்றது. சொன்னால் சிலருக்குக் கசக்கும். கணவனிடம் செல்லும் மனைவி விவாகப் பதிவின் பிரதியை ஆங்கிலமாக்கிப் பதிவேற்றவேண்டும். 1951 இன் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்படி அப்பதிவிலே மணமகன் ஒப்பமிடுகிறார், பெண்ணின் வலீ ஒப்பமிடுகிறார், பதிவாளர் ஒப்பமிடுகிறார். மணமகளின் ஒப்பம் தேவையில்லை. 2009 இல் நியமிக்கப்பட்ட, நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையிலான குழு 2018 ஜனவரியில் கையளித்த அறிக்கையில் மணமகளின் ஒப்பத்தையும் பெறவேண்டும் என்று பரிந்துரைத்தது. அவ்வொப்பம் இல்லாத பிரதிதான் இன்றும் பல பெண்களின் கோப்பில் இருக்கின்றது. அதனோடு சேர்த்து அனுப்பும் விசா விண்ணப்பத்திலோ, அவருடைய ஒப்பம் கட்டத்தின் கோட்டைச் சற்றே தாண்டினாலும் புதிதாக ஒப்பமிட்டு மீண்டும் பதிவேற்றும்படி திருப்பி அனுப்புகிறார்கள்.